நாலாம் நம்பர் பை

அத்தியாயம் 17

மாமியாரை இவ்வளவு கறாராகக் காட்ட வேண்டாம் என்று போன வாரம் பதினோரு வாசகர்கள் எழுதியிருந்தீர்கள். என்னிடம் சொல்லி என்ன பயன்? முப்பத்தொரு வருடம் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் தெரு முழுக்க ‘வார்டனம்மா’ என்றுதான் கூப்பிடுகிறது. நானாக ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

சரி, விட்ட இடத்துக்கு வருவோம். வாசலைப் பார்த்தபடி முன்னறையில் கிடக்கும் வார்டனம்மாவின் கட்டிலால் மூண்ட சண்டையில், பெரிய மருமகள் தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் வெளிச்சம் உள்ள அறை அது ஒன்றுதான், மெஷினை அங்கேதான் போட வேண்டும் என்றாள் அவள். கட்டில் நகராது என்றார் இவர். கப்பலில் வேலை பார்க்கும் மூத்த மகன் நடுக்கடலில் இருந்தபடி இரண்டு பேருக்கும் ‘ஆமாம்’ சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சின்ன மருமகளின் கதை வேறு. தண்ணீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் நிரந்தர வேலை அவளுக்கு. ஆறு மாதம் விடுப்புப் போட்டுவிட்டு வீடுகளுக்கும் கடைகளுக்கும் மீன்தொட்டி அமைத்துக் கொடுக்கிறாள். அந்த விடுப்பு நாளையோடு முடிகிறது. அவள் கைப்பையில் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன. ஒன்று, வேலையில் திரும்பச் சேரும் படிவம். மற்றது ராஜினாமாக் கடிதம். எதில் கையெழுத்துப் போடுவது என்பதை இன்றைக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் அவள் அமைக்கும் தொட்டி சொல்லிவிடும்.

வார்டனம்மாவுக்கு எதில் ஆசை என்று கேட்கவே வேண்டாம். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், “சின்னவ லீவுல இருக்கா, சீக்கிரம் போயிடுவா” என்பதுதான் அவர் பதில். மீன் என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை.

காலை எட்டரைக்கு இளைய மகன் தன் டெலிவரி வேனில் இருவரையும் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டுப் போனான். வார்டனம்மா மேற்பார்வைக்காக வரவில்லை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று இரண்டு வாரமாக அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கு அதைப் பிடுங்குவதாக ஏற்பாடு.

“உங்களைக் கூப்பிடட்டுமா அம்மா?” என்று வரவேற்பு மேசைப் பெண் கேட்டாள்.

“முதல்ல அவ வேலை முடியட்டும். பல்லு எங்க ஓடிடப் போகுது?” என்று வார்டனம்மா செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இருநூறு பெண்களை ஒரே பார்வையில் அடக்கியவருக்கு ஊசி என்றால் பயம். குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. உங்களை நம்பிச் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

காத்திருக்கும் அறையின் நடுச்சுவரை ஒட்டி நின்றது தொட்டி. நாலடி நீளம், முந்நூறு லிட்டர் கொள்ளும். இதற்கு முன் வேறொருவர் இதில் ஏழு மீன் விட்டு, நாலே நாளில் ஒன்றுதான் மிஞ்சியது. மிஞ்சியது கொழுத்திருந்தது. பல் காட்ட வந்த குழந்தைகள் அந்தக் கண்ணாடியைப் பார்த்து அழுது, வாயைத் திறக்காமலே வீடு போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் வெறுத்துப்போய் டிவி வாங்கப் புறப்பட்டபோதுதான் சின்னவள் குறுக்கே போய் ஒரு வாய்ப்புக் கேட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்பே தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, ஒரு நாள் விடாமல் வந்து சோதித்திருந்தாள். போன வாரம் டேனியோ என்ற சின்ன மீன்கள் எட்டை மட்டும் விட்டிருந்தாள். அவை மேல்தண்ணீரில் கூட்டமாக, பயமில்லாமல் திரிந்தால்தான் கீழே வரப்போகிறவையும் பதுங்காமல் இருக்கும். நாயகர்களான நாலு பெரிய மீன்களும் இன்றுதான் வந்து இறங்கினார்கள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். நடுவயதுப் பெண்மணி, நின்றபடியே பேசுகிறவர்.

“ஆஸ்கார் மீன் கேட்டேனே. கையில இருந்தே வாங்கிச் சாப்பிடுமாமே.”

“சாப்பிடும் டாக்டர். பக்கத்துல இருக்கறவனையும் சாப்பிடும். இப்ப விரல் நீளம்தான் இருக்கும், ஒரு வருஷத்துல ஒரு அடி ஆயிடும். இந்தத் தொட்டியில அது திரும்பறதுக்கே இடம் பத்தாது.”

“ஃபிளவர்ஹார்ன்?”

“அது தனிக்குடித்தனம். யார் வந்தாலும் ஒத்துவராது.”

“அந்த மஞ்சள் கலர் ஆப்பிரிக்கா மீன்?”

“அழகுதான். ஆனா அதுக்குக் கடினமான தண்ணி வேணும், இதுங்களுக்கு மென்மையா வேணும். ஒரே தொட்டியில ரெண்டு தண்ணி ஊத்த முடியாதே.”

டாக்டருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. “முன்னாடி வச்சவர் எல்லாமே சிக்லிட்தான், ஒத்துப்போகும்னு சொன்னார்.”

“சிக்லிட்ங்கறது குடும்பப் பேரு டாக்டர். ஒரே குடும்பம்னா ஒத்துப்போகும்னு யார் சொன்னது?”

செய்தித்தாள் ஓர் அங்குலம் கீழே இறங்கி, மறுபடி மேலே போனது.

“அப்ப சண்டையே போடாத மீனா வச்சிடலாமே,” என்றார் டாக்டர்.

“வைக்கலாம். ஆளைப் பாத்ததும் ஒதுங்கிடும். பயந்து வர்ற குழந்தைங்க பத்து நிமிஷம் பல்லை மறக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்கு மீனுக்கு ஒரு முகம் வேணும், கொஞ்சம் கோபம் வேணும், யாருடா நீன்னு கண்ணாடிக்கிட்ட வந்து பாக்கணும். சண்டை போடாத மீனை நான் தேடல டாக்டர். சண்டை போட்டுட்டு மறுநாளும் ஒண்ணா இருக்கற மீனைத் தேடினேன்.”

தேடினாள் என்பது சும்மா பேச்சுக்கு இல்லை. மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய தொட்டியை வைத்து, பதினாலு மீன்களை இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகச் சேர்த்துப் பார்த்து, யார் முறைக்கிறான், யார் கடிக்கிறான், யார் கடித்த பிறகும் விடமாட்டான் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். விடாமல் துரத்துகிறவர்களைத் தள்ளினாள். ஒரே நிறத்தில் இரண்டு பேர் வேண்டாம் என்று தள்ளினாள், தன்னைப் போல இருப்பவனைக் கண்டால்தான் மீனுக்கு ஆத்திரம் அதிகம் வரும். ஜோடியை அறவே தள்ளினாள். ஜோடி சேர்ந்தால் முட்டை, முட்டை வைத்தால் வீடு, வீடு என்றால் வேலி, அப்புறம் மற்றவர்கள் எல்லாரும் நடுத்தெருவில்.

கடைசியில் தேறியவர்கள் நாலு ஆண்கள். தொட்டியின் சூட்டுக்குப் பழகட்டும் என்று நாலும் நாலு பைகளில் அதன் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன, பையின் மேல் நம்பரோடு. ஒன்று, செவரம். தட்டு மாதிரி அகலம், பொன்பச்சை நிறம், யார் வம்புக்கும் போகாதவன். இரண்டு, நீல நிற அகாரா. மூன்று, ஃபயர்மவுத், கழுத்துக்குக் கீழே நெருப்புச் சிவப்பு. நாலு, கான்விக்ட். கைதி என்று அர்த்தம். உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை. நால்வரில் இவன்தான் சிறியவன், ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் குறையுமா?

பைகள் மிதக்கும்போதுதான் சின்னவள் அதைப் பார்த்தாள். தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரின் கண்ணாடிக் குழாயில் ஒரு கீறல். ஏசி போட்ட அறை. புது ஹீட்டர் வாங்கி வந்தே ஆக வேண்டும்.

“அரை மணியில வந்திடறேன் அத்தை. பையை மட்டும் தொடாதீங்க. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு வரிசையாத்தான் விடணும். நான் வந்துதான் விடணும்.”

ஏன் என்று சொல்லவில்லை. வாசலில் வண்டி நின்றது, ஓடினாள். ‘ஏன்’ சொல்லாமல் போனதில்தான் வீட்டுச் சண்டைகளில் பாதி பிறக்கிறது என்பது என் கட்சி.

முதல் கடையில் ஹீட்டர் இல்லை. இரண்டாவது கடை திறக்கவில்லை. இங்கே சுவர்க் கடிகாரம் அரை மணியைத் தாண்டியது. முக்கால் மணியைத் தாண்டியது.

வார்டனம்மாவுக்கு நேரம் என்றால் நேரம்தான். அரை மணி என்று சொன்னால் முப்பத்தோராவது நிமிடம் அவருக்கு ஆகாது. அதிலும் அந்த நாலாம் நம்பர் பை சும்மா இல்லை. உள்ளே இருந்தவன் இந்தப் பக்கம் முட்டினான், அந்தப் பக்கம் முட்டினான், பை குலுங்கிக் குலுங்கி மற்ற மூன்று பைகளையும் இடித்தது.

“மூச்சு முட்டுது போல இருக்கே,” என்றார் வரவேற்புப் பெண்ணிடம்.

விடுதியில் அறை ஒதுக்கும் நாளில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசையில் நின்று கத்துகிறவளை முதலில் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிடுவார். அவள் போய்விட்டால் மீதி நாற்பது பேரும் அமைதியாக நிற்பார்கள். முப்பத்தொரு வருடம் ஒரு தடவைகூடப் பொய்க்காத வழி.

கையைத் துடைத்துக்கொண்டு போனார். நாலாம் நம்பர் பையின் ரப்பர் பேண்டைக் கழற்றி, பக்குவமாகச் சாய்த்தார். கைதி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், நடுவில் சாய்ந்து கிடந்த மண்பானைக்குள் போய்த் திரும்பி உட்கார்ந்தான். மற்ற மூன்று பைகளும் ஆடாமல் நின்றன. வார்டனம்மாவுக்குத் திருப்தி. கால் மணி கழித்து மீதி மூன்றையும் விட்டுவிட்டு நாற்காலிக்கு வந்தார்.

சின்னவள் ஹீட்டர் பெட்டியோடு திரும்பி வந்தபோது வார்டனம்மா செய்தித்தாள் படிக்கவில்லை. தொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

ஃபயர்மவுத் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தான், வாலில் ஒரு துண்டைக் காணோம். அகாரா, நீலம் பயத்தில் கறுத்துப்போய், ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் செருகிக் கிடந்தான். செவரத்தைக் காணவே இல்லை. எட்டு டேனியோக்களும் தண்ணீரின் மேல்தட்டில் ஒரு கோடாக ஒதுங்கியிருந்தன. பானை வாயில் கைதி. தலையை வெளியே நீட்டி, யார் அசைந்தாலும் பாய்ந்துவிட்டுத் திரும்பி வந்தான். நாலடித் தொட்டியும் இப்போது அவனுடையது.

“நாலை யார் விட்டது?”

“நான்தான். அரை மணின்னு சொன்ன, ஒரு மணி ஆச்சு. மூச்சு முட்டுதேன்னு விட்டேன்.”

“பையில நாலு மணி நேரத்துக்குக் காத்து இருந்துச்சு அத்தை.” சின்னவளின் குரல் தணிந்துதான் இருந்தது, ஹீட்டர் பெட்டியை மட்டும் பொத்தென்று கீழே வைத்தாள். “சாதுவா இருக்கறவங்க முதல்ல போய் இடம் பிடிக்கணும். இவன் கடைசியா, புது ஆளா, ஒண்ணும் தெரியாதவனா உள்ள வரணும். அதுக்குத்தான் வரிசை.”

“கத்தறவளை முதல்ல அனுப்பிட்டா மத்தவங்க நிம்மதியா இருப்பாங்க. ஹாஸ்டல்ல அப்படித்தான் செய்வேன்.”

“ஹாஸ்டல்ல ஒவ்வொரு ரூமுக்கும் கதவு இருந்துச்சு அத்தை. இங்க கதவு எங்க இருக்கு?”

வார்டனம்மா பானை வாயில் நின்ற கைதியைப் பார்த்தார்.

டாக்டர் வெளியே வந்தார். ஃபயர்மவுத்தின் வாலைப் பார்த்தார். “மறுபடியும் அதே கதையா?”

“எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திடுச்சு டாக்டர்,” என்றாள் சின்னவள். “நான் சரி பண்ணிடறேன்.”

“நாலு மணிக்கு ஸ்கூல்ல இருந்து இருபது குழந்தைங்க வராங்க. அதுக்குள்ள இது பாக்கற மாதிரி இருந்தா என்னோட மத்த ரெண்டு கிளினிக்குக்கும் நீங்கதான். இல்லன்னா இன்னிக்கே டிவி வந்திடும். அப்புறம் நீங்க வருத்தப்படக் கூடாது.”

“டாக்டர், ஒரு நிமிஷம்.” வார்டனம்மா நிமிர்ந்து நின்றார். “தப்பு எங்க பக்கம் இல்ல, என் பக்கம். அவ தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் தொட்டேன்.”

முப்பத்தொரு வருடத்தில் அந்த அம்மாள் வாயிலிருந்து ‘தப்பு என் பக்கம்’ என்று கேட்டவர் ஒருவரும் கிடையாது. டாக்டருக்கு அதன் அருமை தெரியாது, தலையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சின்னவளுக்குத் தெரியும். மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன செய்யணும், சொல்லு,” என்றார் வார்டனம்மா, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு.

“கல்லை எல்லாம் வெளிய எடுக்கணும்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். ஒரே ஒரு கல்லு பழைய இடத்துல இருந்தாக்கூட அவன் அதைத் தேடிப் போய் நின்னுப்பான். எல்லாருக்கும் எல்லா இடமும் புதுசா இருக்கணும். அப்பத்தான் இது என் வீடுன்னு யாரும் சொல்ல முடியாது.”

விளக்கை அணைத்தார்கள். சின்னவள் கல்லைக் கல்லாக எடுத்துக் கொடுத்தாள், வார்டனம்மா வாங்கி வாளியில் வைத்தார். தட்டைக்கல், மொட்டைக்கல், வேர்க்கட்டை, பானை. காத்திருந்த நோயாளிகள் பல்வலியை மறந்து எட்டிப் பார்த்தார்கள். பானை போனதும் கைதிக்குத் திக்குத் தெரியவில்லை, வலையில் லேசாகச் சிக்கினான். அவனைத் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு, கூடையைத் தொட்டி ஓரத்திலேயே தண்ணீரில் தொங்கவிட்டாள்.

“கைதிக்கு ஜெயிலா அக்கா?” என்றாள் வரவேற்புப் பெண்.

“மூணு மணி நேரம்தான். தண்ணி அதேதான், மத்தவங்களையும் பாக்கலாம், கடிக்கத்தான் முடியாது.”

செவரம் கடைசித் தட்டைக்கல்லுக்கு அடியில் இருந்தான். பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தான். சின்னவள் கையை மணலில் ஊன்றியபடி அசையாமல் பார்த்தாள். செவுள் திறக்கிறதா என்று வார்டனம்மா கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

“மூச்சு விடறான்,” என்றார் வார்டனம்மா. “நான் பாத்தேன். விடறான்.”

மெல்ல நிமிர்ந்து, தள்ளாடி, நீந்தினான். இரண்டு பெண்களும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள்.

பிறகு கட்டினாள். முன்பு நடுவில் இருந்த குவியல் இப்போது இரண்டு ஓரங்களிலும் பிரிந்தது. நடுவில் வேர்க்கட்டையைக் குறுக்கே நிறுத்தினாள், இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியக் கூடாது. நாலு மீனுக்கு ஆறு ஒளிவிடம். பானையை உள்ளே வைக்கவே இல்லை.

“ஆறு எதுக்கு?” என்றார் வார்டனம்மா.

“நாலு பேருக்கு நாலு இடம்னா எப்பவும் ஒருத்தன் இடத்து மேல இன்னொருத்தனுக்குக் கண்ணு இருக்கும். ரெண்டு காலியா கிடந்தா சண்டையில பாதி குறையும்.”

அப்போதுதான் சின்னவளின் போன் அடித்தது. பெரியவள். “நாளைக்குக் காலைல வரேன். மிச்சம் இருக்கற என் சாமானை எல்லாம் எடுத்துட்டுப் போயிடறேன். அத்தைகிட்ட சொல்லிடு.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

சின்னவள் சொன்னாள். வார்டனம்மா ஈரக் கையோடு வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வரட்டும்,” என்றார்.

இரண்டு மணிக்கு வரவேற்புப் பெண் மறுபடி வந்தாள். இந்தத் தடவை சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தொட்டி வேலை முடிந்திருந்தது.

வார்டனம்மா எழுந்தார். இரண்டடி வைத்து நின்றார். “நீயும் வரியா? சும்மா, துணைக்கு.”

“வரேன் அத்தை. ஊசி போடும்போது என் கையைப் பிடிச்சுக்கோங்க.”

“எனக்கு ஊசின்னா பயம்னு யார் சொன்னா?”

“இந்தப் பல்லுக்கே அஞ்சு தடவை தேதி மாத்தினீங்க. இதை யாராவது சொல்லணுமா?”

குடும்பத்தில் யாருக்கும் தெரியாது என்று மேலே எழுதினேன். என்னையும் சேர்த்து ஏமாற்றிவிட்டாள் இந்தப் பெண்.

பல் வந்துவிட்டது. பிடிபட்ட சின்னவளின் கையில் நாலு விரல் அடையாளம் கால் மணி நேரம் இருந்தது. காயத்தில் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார் டாக்டர். “அடிக்கடி மாத்திக்கோங்க. இன்னிக்கு முழுக்க வாயைத் திறக்காதீங்க. பேசக் கூடாது.” வார்டனம்மாவைப் பேசாதே என்று சொன்ன முதல் ஆள் இவர்தான்.

மூன்றே முக்காலுக்குச் சின்னவள் விளக்கைப் போட்டாள். செவரம் இடது ஓரத்துக் குகைக்கு முன்னால் நின்றிருந்தான். அகாராவுக்கு நீலம் திரும்பியிருந்தது. ஃபயர்மவுத், கிழிந்த வாலோடு, வலப்பக்கத் தட்டைக்கல்லைத் தன் வாசலாக வைத்துக்கொண்டிருந்தான். அவள் கூடையைக் கவிழ்த்தாள்.

கைதி நேராக நடுவுக்குப் போனான். பானை இல்லை. இன்னொரு தடவை சுற்றி வந்து பார்த்தான். அப்போதும் இல்லை. வாசல் கதவு திறந்தது, இருபது குழந்தைகள் ஒரு ஆசிரியையோடு உள்ளே வந்தார்கள். பலர் முகத்தில் அழுகை தயாராக இருந்தது. சின்னவளுக்கு அவர்களைத் திரும்பிப் பார்க்கக்கூடத் தைரியம் இல்லை.

கைதி வலப்பக்கம் திரும்பி, தட்டைக்கல்லை நோக்கிப் போனான்.

ஃபயர்மவுத் நகரவில்லை. செவுளை இரண்டு பக்கமும் விரித்து, கழுத்தை ஊதி, அந்தச் சிவப்பு முழுவதையும் குடை விரித்தாற்போல் விரித்துக் காட்டினான். சின்னவள் நோட்டில் இவனைப் பற்றி எழுதியிருந்தது இதுதான்: வாய்தான் பெரிது, கடிக்க மாட்டான், ஆனால் எதிராளி நம்பிவிடுவான்.

காலையில் பானைக்குள் இருந்தபோது கைதி அதை மதிக்கவே இல்லை. இப்போது அவனுக்கு வீடு இல்லை, ஊர் புதிது. நின்றான். பட்டைகள் கொஞ்சம் வெளிறின. திரும்பி, பின்பக்கம் காலியாகக் கிடந்த ஒரு குகைக்குள் போய், தலையை மட்டும் வெளியே நீட்டினான்.

“மிஸ், அந்த மீன் வாயைத் திறந்து காட்டுது,” என்றது ஒரு குழந்தை. “டாக்டர்கிட்ட காட்டற மாதிரி.” உடனே இருபது பேரும் கண்ணாடிக்கு முன்னால் வாயை அகலத் திறந்து காட்டினார்கள். செவரம் கிட்டே வந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு போனான். டாக்டர் உள்ளே இருந்து வந்து, கதவில் சாய்ந்தபடி அந்தத் திறந்த வாய்களை எல்லாம் ஒரே பார்வையில் பரிசோதித்துவிட்டார். யாரும் அழவில்லை.

“இதை யார் செஞ்சது?” என்று ஆசிரியை கேட்டார்.

சின்னவள் பதில் சொல்வதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வார்டனம்மா எழுந்து, கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய், பஞ்சை எடுத்தார்.

“என் மருமக,” என்றார். ஒரு கன்னம் மரத்துக் கிடந்தாலும் சொல் தெளிவாக வந்தது. “ஆறு மாசம் உக்காந்து ஒவ்வொரு மீனாப் பாத்துப் பொறுக்கினா. யாரோட யாரைச் சேக்கலாம், யாரை எப்ப உள்ள விடணும், எல்லாம் இவளுக்குத் தெரியும். தண்ணி வாரியத்துல நிரந்தர வேலை இருந்துச்சு. விட்டுட்டா. இப்ப இதுதான் இவ வேலை.”

சொல்லிவிட்டுப் பஞ்சைத் திரும்ப வைத்துக் கடித்துக்கொண்டார்.

சின்னவள் வலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கைப்பையில் இருந்த கடிதத்தில் அவள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் ஊருக்கு அறிவித்தாயிற்று. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, முகத்தை மறைக்க ஃபில்டரைக் குனிந்து சரிபார்ப்பது போல் நின்றாள். ஃபில்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“மத்த ரெண்டு கிளினிக்கையும் திங்கட்கிழமை வந்து பாத்துடுங்க,” என்றார் டாக்டர்.

சாயங்காலம் கிளம்புமுன் கைப்பையைத் திறந்தாள். திரும்பச் சேரும் படிவத்தை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி, கல்லை யாரும் தொடக் கூடாது. தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினாள். வார்டனம்மா கடைசி வரியைப் படித்துவிட்டு மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பேச முடியாததால் தப்பித்தாள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முன்னறை ஜன்னலில் மட்டும் இன்னும் வெளிச்சம் இருந்தது. வார்டனம்மா அந்த அறை நடுவில் வந்து நின்றார். பீரோவைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். பஞ்சை ஓரமாக ஒதுக்கிக்கொண்டார்.

“இளையவனைக் கூப்பிடு. ஒரு பக்கம் பிடிக்கட்டும்.”

“எதை அத்தை?”

“எல்லாத்தையும். பீரோ, நாற்காலி, மேசை, மாடிப்படிக்குக் கீழ இருக்கற உன் தொட்டி. நாளைக்கு அவ வரும்போது ஒண்ணும் பழைய இடத்துல இருக்கக் கூடாது.”

சின்னவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கேட்டாள். “எதுல இருந்து ஆரம்பிக்கறது?”

“என் கட்டில்ல இருந்து.”

கட்டில் கனமான பழைய மரம். இளையவன் பின்னாலிருந்து தள்ள, சின்னவள் நடுவில், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் வார்டனம்மா முன்னால் உள்ளறையில் நின்று இழுத்தார். சாய்த்து, நிமிர்த்தி, உள்ளறைக் கதவில் நுழைத்தார்கள். பாதி போனது. மீதி போகவில்லை. முன்னாலும் வரவில்லை, பின்னாலும் போகவில்லை. இளையவனும் சின்னவளும் முன்னறைப் பக்கம், வார்டனம்மா கட்டிலுக்குப் பின்னால் உள்ளறையில், வெளியே வர வழியில்லாமல்.

“இழுத்ததுல வாயில மறுபடி ரத்தம் வருது,” என்று அவர் உள்ளேயிருந்து முனகினார்.

“அதான் வேண்டாம்னு சொன்னேன். கைக்குட்டையில புதுப் பஞ்சு இருக்கு, வச்சு நல்லாக் கடிச்சுக்கோங்க. பேசாதீங்க,” என்றாள் சின்னவள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு வண்டி நின்றது.

நாளை வருவதாகச் சொன்ன பெரியவள் இன்றே வந்துவிட்டாள். கையில் காலிப் பெட்டியோடு படியேறினாள், திறந்திருந்த கதவில் நின்றாள். முன்னறையில் கட்டில் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. கட்டில் பக்கவாட்டில் நிமிர்ந்து உள்ளறைக் கதவை அடைத்துக்கொண்டிருந்தது. கொழுந்தன் வியர்வை வழிய நின்றான், கட்டில் தூசியில் சின்னவளின் கண் சிவந்திருந்தது. அத்தை உயிரோடு இருக்கும் வரை அந்தக் கட்டில் அசையாது என்றுதான் அவள் நம்பியிருந்தாள்.

பெட்டி கையிலிருந்து நழுவியது.

“அத்தைக்கு என்ன ஆச்சு?” என்றாள் பெரியவள். குரல் உடைந்தது. “யாராவது சொல்லுங்களேன். நான் கோபத்துலதானே போனேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அத்தை எங்க?”

இளையவன் வாயைத் திறக்கப் போனான். சின்னவள் அவன் காலை மிதித்தாள்.

கட்டிலுக்குப் பின்னால் வார்டனம்மா அந்த அழுகையைக் கேட்டார். பஞ்சை எடுக்கக் கை போனது. பாதியில் நின்றது. இன்னும் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுப் பேசலாம் என்று பட்டது அவருக்கு.